கோமதியைப் பார்க்கப் போன வழிகள்

குரும்பூரைத் தாண்டி, கப்பி ரோடும் குளத்துக்கரையும் பிரிகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தினேன். பின்னால் சாமான் வைக்கிற கம்பித் தட்டில், மடித்துக் கட்டிய சாக்கின்மேல், ஆவுடையக்கா உட்கார்ந்திருந்தாள். கால்கள் ஒரு பக்கமாகத் தொங்கின. சேலைக் கரை முழுவதும் செம்மண்.

ரோட்டில் மாசித் திருவிழாக் கூட்டம் திருச்செந்தூரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. காவடிச் சலங்கைச் சத்தம், வண்டி மாட்டுச் சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம். குளத்துக்கரையில் கொக்குகளைத் தவிர யாரும் இல்லை.

"எந்த வழிக்கா?" என்று கேட்டேன்.

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்ரீவைகுண்டத்தில், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடுவார்கள். ரோட்டில் போனால் அதற்குள் போய்விடலாம். ஆனால் ஊரே பார்க்கும். குளத்தைச் சுற்றிப் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். அம்மா முகத்தை நாங்கள் பார்ப்போமா என்பதும் சந்தேகம்தான்.

அந்த இடத்தில் அக்கா எடுத்த முடிவைச் சொல்வதற்குமுன், அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

துரை விட்டுப்போன வண்டி

இளமையில் சைக்கிளில் சுற்றிய வழிகளைப் பற்றி ஒரு வாரம் எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். ஏதோ உல்லாசமாக எழுதித் தருவேன் என்று நினைத்திருக்கிறார், பாவம். இந்தக் காலத்துப் பையன்கள் தார் ரோட்டில் கையை விட்டுவிட்டு ஓட்டுவதை சன்னல் வழியாகப் பார்க்கிறேன். அவர்களைக் கொண்டுபோய்த் தேரி மணலில் இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

அப்போது திருச்செந்தூருக்கு ரயில் வரவில்லை. ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்கியிருந்ததா, அதற்கு முந்தியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. குலசேகரப்பட்டினத்தில் ஒரு மண்டியில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கருப்பட்டி வாங்கி, தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிற மண்டி. அதே ஊரில்தான் ஆவுடையக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. எனக்கு அங்கே வேலை கிடைத்ததும் அத்தான் வீட்டுச் சிபாரிசில்தான்.

தூத்துக்குடியில் ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது சைக்கிளை விட்டுப் போனார். எங்கள் மண்டி அண்ணாச்சி அதை வாங்கி வந்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, மூன்று தடவை விழுந்து, என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சுப்பையா, ஒனக்குத்தான் எலும்பு இளசா இருக்கு. நீயே ஓட்டு. கருப்பட்டி காய்ச்சுத எடத்துக்கெல்லாம் போயி, எவன் எவ்வளவு வச்சிருக்கான்னு பாத்துட்டு வா."

அப்படித்தான் நான் வழி தேட ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தில் ரோடு என்று சொல்லத்தக்கது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் மணல்.

மணலில் எத்தனை மணல்

முதலில் கடற்கரை. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். குலசேகரப்பட்டினத்திலிருந்து ஆலந்தலை வரை மிதிக்கவே வேண்டாம், காற்று தள்ளிக்கொண்டு போகும். ஒரு முழம் மேட்டுப் பக்கம் ஒதுங்கினால் போச்சு, சக்கரம் புதைந்து ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பான். ஆலந்தலையில் வலை காயப்போடுகிற பெண்கள் என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணிக்கு மேலயும் ஓட்டுவீயளா?" என்று கேட்பார்கள். நானும், "அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவாவிட்டால் மறுநாள் சங்கிலி துருப்பிடித்து முனகும்.

தேரி வேறு சாதி. குங்குமச் சிவப்பு மணல். மழை பெய்து இரண்டு நாள் அதன்மேல் ஓட்டலாம். காய்ந்துவிட்டால் நேற்றுப் போன தடமே இன்று இருக்காது, காற்று மேட்டையே தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடும். பனங்காட்டுக்குள் பனையேறிகள் நடந்து நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அவைதான் எனக்கு ராஜபாட்டை. ஆனால் கீழே விழுந்து கிடக்கிற மட்டையில் கருக்கு இருக்கும், அரம் மாதிரி டயரை அறுத்துவிடும். குளத்துக்கரை என்றால் உடைமுள். உடைமுள்ளைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வராது.

எந்த மணல் எந்த வேளையில் தாங்கும், எந்தக் கரையில் முள் குறைவு என்பதெல்லாம் ஒரு வருஷத்தில் எனக்கு அத்துபடியாகிவிட்டது. ஒரு ஊருக்குள்ளும் நுழையாமல், ஒரு நாய் குரைக்காமல், திருச்செந்தூரைத் தாண்டிக் குரும்பூர் வரை என்னால் போகமுடியும். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டாலும் போய்வருவேன். அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கண்ணுல பட்டா வராண்டாம்

ஒரு விடியற்காலை, கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். ஊரில் எங்கள் வீட்டுக்குச் சவரம் செய்கிற குடிமகன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்ல வருகிறவர்கள் உள்ளே வரமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அவர் வாயைத் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை.

"பெரியம்மா தவறிட்டாவ சின்னையா. நேத்து வெளக்கு வைக்கிற நேரம். இன்னைக்கு வெயில் தாழ எடுக்காவ."

அவர் பெரியம்மா என்றது என் அம்மாவைத்தான். இராத்திரி முழுவதும் நடந்து வந்திருக்கிறார். சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமலே திரும்பிப் போனார். அதுவும் வழக்கம்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கொழும்பில் கடையில் இருந்தார். வீட்டில் அக்காவும், அவள் மாமியாரும், நடக்கப் பழகி நாலைந்து மாதமான கோமதியும்தான். அக்கா பிள்ளைப் பேற்றுக்கு வந்துவிட்டுப் போனபின் அம்மாவைப் பார்க்கவே இல்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா என்னிடம், "அவள ஒரு நடை அனுப்பச் சொல்லு, புள்ளையக் கண்ணால பாத்துக்கிடுதேன்" என்பாள். மாமியார், "இப்பத் தோதில்ல, பெறவு பாப்போம்" என்பாள். பிறகு பிறகு என்றே நாள் போய்விட்டது.

அக்கா கேட்டாள்: "வண்டி கட்டினா எப்பப் போயிச் சேருவோம்?"

"பொழுது அடைஞ்சிரும்க்கா. மணல்ல மாடு இழுக்கணும்லா."

"திருச்செந்தூர்ல குதிர வண்டி?"

"திருவிழால்லா. ஒண்ணும் கிடைக்காது."

அவள் சைக்கிளைப் பார்த்தாள். மாமியாரும் பார்த்தாள்.

குடும்பத்துப் பெண் ஒருத்தி சைக்கிளில் ஏறுவது அன்றைக்கு எப்பேர்ப்பட்ட காரியம் என்பது இன்று எழுதினால் விளங்காது. ஆண்பிள்ளை ஓட்டுவதையே வேடிக்கை பார்க்கிற காலம். தம்பிதானே என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனாள் என்பதுதான் ஊர் ஊராகப் போகும்.

மாமியார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போறதுன்னா போ. பெத்தவ முகத்தப் பாக்காதேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா ஒரு கண்ணு பாக்கப்படாது. எவன் கண்ணுலயும் பட்டேன்னா பெறவு இங்கன வராண்டாம்."

அக்கா கோமதியை எடுத்து மாமியார் மடியில் வைத்தாள். "பாலுக்கு அழுதா வெல்லம் போட்டுக் குடுங்க அத்தை. காரியம் முடிஞ்சதும் வந்துருதேன்." குழந்தை தூக்கக் கலக்கத்தில் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

குளத்துக்கரையா, ரோடா

கடற்கரை நன்றாகத்தான் போயிற்று. கடல் வாங்கியிருந்தது. அக்கா என் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முன்னால் நனைந்த மணலும் வலப்பக்கம் கடலும்தான். ஆலந்தலைக்குக் கிட்டே இறங்கி, பனங்காட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஊரைச் சுற்றிப் போனோம். அந்தப் பெருமைக்குரிய பாதையில்தான் உடைமுள் குத்தியது. இறக்கி, ஒட்டி, காற்றடித்து முடிக்கையில் வெயில் ஏறிவிட்டது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் குத்தியது. அக்கா ஒரு பனை நிழலில் நின்று வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் நாங்கள் அந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தோம்.

"குளத்தச் சுத்திப் போனா நேரத்துக்குப் போயிருவமாலே?"

"முள்ளு குத்தாம இருந்தா ஒருவேளை போகலாம்க்கா."

அவள் ரோட்டைப் பார்த்தாள். கூட்டம் குறைகிறதாக இல்லை. திருச்செந்தூர்த் திருவிழா என்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அந்த ரோட்டில் வருவார்கள். அவள் புருஷன் வீட்டுச் சொந்தமும் வரும். அது இரண்டு பேருக்கும் தெரியும். "ரோட்டுலயே போலே" என்றாள்.

"முக்காடு போட்டுக்கோ. மூஞ்சி தெரியாம போயிருவோம்" என்றேன்.

போட்டாள். நான் வண்டியை ரோட்டில் ஏற்றினேன். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். யாரோ, "கலி முத்திட்டு வே" என்றார்கள். எதிர்க்காற்று பலமாக அடித்தது. தென்திருப்பேரைக்கு முன்னால் ஒரு கூண்டு வண்டி எதிரே வந்தது. அதில் அத்தானின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று முக்காட்டைத் தூக்கியது. அக்கா அதை இழுத்து மூடவில்லை. கையை எடுத்தால் கீழே விழுந்துவிடுவாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெரிய மாமாதான?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சரி, நல்லா மிதி."

அணைக்கட்டுப் பாலத்தைத் தாண்டித் தெருவுக்குள் நுழையும்போது சங்குச் சத்தம் கேட்டது. பாடையில் வைத்துக் கட்டிவிட்டார்கள். வாசலில் நிறைய பெண்கள். அக்கா சைக்கிளிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் அத்தனை பேருடைய ஒப்பாரியும் நின்றது. அப்பா மட்டும், "கொஞ்சம் பொறுங்கய்யா, என் மக வந்துட்டா" என்றார்.

முகத்துக் கட்டை அவிழ்த்தார்கள். அக்கா வாய்க்கரிசி போட்டாள். அவள் கையில் செம்மண் இருந்தது, அரிசியிலும் ஒட்டியது. குனிந்து அம்மாவின் காதோரம், "புள்ளையக் கொண்டாரல அம்மா, நான் மட்டும்தான் வந்தேன்" என்றாள்.

நான் அழுதது அப்போதுதான்.

பதினாறாம் நாள் வந்த வண்டி

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து வண்டி வந்தது. முறைக்கு அரிசியும் துணியும் கொண்டுவந்திருப்பார்கள் என்று எல்லோரும் எழுந்து நின்றோம். மனிதர் யாரும் இறங்கவில்லை. வண்டிக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களை இறக்கி வைத்தார். அக்காவின் மரப்பெட்டி, வெண்கலப் பானை, குத்துவிளக்கு, கல்யாணத்துக்குக் கொடுத்த பத்தமடைப் பாய். எல்லாம் துடைத்து, பழுதில்லாமல் இருந்தன.

அக்கா வண்டிக்குள் ஏறிப் பார்த்தாள். மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோலைக்கூட விலக்கிப் பார்த்தாள். குழந்தையை அதற்குள்ளா வைத்து அனுப்புவார்கள்? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தாள்.

"புள்ள எங்கய்யா?"

"எனக்குத் தெரியாதும்மா. இதத்தான் ஏத்தி விட்டாவ."

அப்பா போய்க் கேட்டார். மறுபடியும் போனார். வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள், அம்மா சொன்னதுதான் என் சொல்லும் என்று அத்தான் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். அத்தான் நல்லவர்தான். தாய்க்கு எதிரே நிற்கத் தெரியாத நல்லவர். அந்த மாதிரி நல்லவர்களால் எத்தனை பேர் கெட்டுப்போனார்கள் என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை போதாது.

புதிய வழிகள்

நான் குலசேகரப்பட்டினத்துக்கே திரும்பினேன். அத்தான் வீட்டுச் சிபாரிசு போனாலும் அண்ணாச்சி என்னை வைத்துக்கொண்டார். அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குப் போவேன். அக்கா வாசலிலேயே நிற்பாள்.

"புள்ளையப் பாத்தியாலே?"

முதல் மாதம் பார்க்கவில்லை. என் சைக்கிள் மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அக்கா முகம் போன போக்கைப் பார்த்து, இனி வெறுங்கையோடு வருவதில்லை என்று முடிவு செய்தேன்.

மணியைக் கழற்றினேன். சங்கிலிக்குப் புன்னை எண்ணெய் விட்டேன். பிறகு அந்த ஊரைச் சுற்றி மறுபடியும் வழி தேடினேன். போன வருஷம் தேடியது ஊருக்குள் நுழையாமல் போகிற வழி. இப்போது தேடியதெல்லாம் ஒரு வீட்டைச் சுற்றி. அந்த வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் பனங்காடு. அதற்குள் ஒரு தடம் கிணற்றடி தெரிகிற இடம்வரை போகும். காலையில் ஆச்சி அங்கேதான் கோமதியைக் குளிப்பாட்டுவாள். இன்னொன்று தோணி பழுது பார்க்கிற மணல்மேட்டைச் சுற்றி, அம்மன் கோவில் தெற்கு மதிலோரம் வரும். செவ்வாய்க்கிழமைகளில் ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை அங்கே வரும். மழைக்காலத்தில் இரண்டு தடமும் ஓடாது, கடற்கரைதான்.

அக்காவுக்கு நான் சொல்வது ஒருநாளும் போதாது.

"என்ன உடுத்திருந்தா?"

"பாவாட."

"என்ன நெறம்?"

"பச்சையோ நீலமோ."

"கரை?"

ஆண்பிள்ளைக்குக் கரை எங்கே தெரியும்? பிறகு பழகிக்கொண்டேன். கரை என்ன நிறம், தலையில் என்ன பூ, முன்பல் விழுந்துவிட்டதா, இருமுகிறாளா என்று பார்த்துவந்து ஒப்பிப்பேன். அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இப்படியே சில வருஷங்கள் போயின.

ஈரமணலில்

ஒரு சாயங்காலம், மழை விட்ட மாதம், கடல் வாங்கியிருந்தது. தெருப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூரத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோமதி தானாக என்னிடம் வந்தாள். மடியில் சிப்பி.

"மாமா, என்னைய இதுல ஏத்துவீயளா?"

யாரைப் பார்த்தாலும் மாமா என்பது பிள்ளைகள் வழக்கம். என்னைத் தெரிந்து கூப்பிடவில்லை. தூக்கி முன்கம்பியில் வைத்தேன். எண்ணெய் வைத்து வாரிய தலை. பிச்சிப்பூ வாசம். பைய மிதித்தேன்.

"இதுல மணி இல்லையா?"

"இல்லம்மா."

சிப்பியை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். வடக்கே ஆலந்தலை தெரிந்தது. இந்த மணல் அங்கே வரைக்கும் தாங்கும், அதற்கப்பால் பனங்காடு, அதற்கப்பால் எல்லா வழியும் எனக்குத் தெரியும். விடியுமுன் அக்கா கையில் கொடுத்துவிடலாம். உண்மையாகவே ஆலந்தலையைப் பார்த்து வேகமாக மிதித்தேன். பிள்ளைகள் சத்தம் பின்னால் தேய்ந்துபோயிற்று.

"ஒன் பேரு என்ன?"

"கோமதி."

"அம்மா பேரு?"

"எனக்கு அம்மா கெடையாது. செத்துப் போயிட்டா. அப்பா கொழும்புல இருக்காவ. வீட்டுல ஆச்சி இருக்கா." பிறகு தலையைத் திருப்பி, பின்னால் பார்த்தாள். "ரொம்ப தூரம் வந்துட்டோம் மாமா. ஆச்சி தேடும்."

வண்டியைத் திருப்பினேன். இறக்கிவிட்டதும் ஓடிப்போய்விட்டாள். மணல்மேட்டில் அக்காவின் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்த குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. குழந்தையின் காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே திரும்பி நடந்தாள்.

அந்த அமாவாசைக்கு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கத் தோன்றவில்லை. அவள் அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தாள்.

"செத்துட்டான்னு சொல்லும்போது அழுதாளாலே?"

"இல்லக்கா. சிப்பி எண்ணிக்கிட்டே சொன்னா."

"தல வாரி விட்டிருந்தாளா அந்த அத்தை?"

"வாரி, பிச்சிப்பூ வச்சிருந்தா."

அக்கா கரித்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"அப்ப சரி" என்றாள். "இனிமே அந்தப் பக்கம் போவாதலே. அவ இப்ப என்னையத் தேடல. நீ போயிப் போயி அவளத் தேட வச்சிராத."

அதன்பின் நான் போகவில்லை. அக்காவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அமாவாசையும் நான் வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போது அவள் வந்து நிற்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். நான், போகவில்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் எனக்கு இலை போட உள்ளே போவாள்.